பிரிட்டிஷ் காலத்துக் காசா, நேற்று அடித்த காசா?

பழைய காசு சேர்ப்பவன் என்று தெரிந்துவிட்டால் சொந்தக்காரர்கள் முதலில் கொண்டு வந்து காட்டுவது பெரும்பாலும் ஒரே வகைக் காசுதான். செம்பு நிறம், கையில் நல்ல கனம், ஒரு பக்கம் அனுமாரோ ராமர் பட்டாபிஷேகமோ இருக்கும், மறுபக்கம் ஆங்கிலத்தில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒன் அணா அல்லது ஹாஃப் அணா, கீழே 1818. சிலவற்றில் 1717, 1616 என்றுகூட ஆண்டு போட்டிருக்கும். "தாத்தா பெட்டியில இருந்தது, இது கோடிக்குப் போகுமாமே, யூட்யூப்ல சொன்னாங்களே" என்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். கம்பெனி இப்படி ஒரு காசை ஒருபோதும் அடிக்கவில்லை.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், காசின் மேல் எழுதியிருப்பதே அதற்குச் சாட்சி. 1616-இல் கம்பெனி தொடங்கிப் பதினைந்து, பதினாறு வருடம்தான் ஆகியிருந்தது, சென்னையில் கோட்டை கட்ட இடம் கிடைத்ததே 1639-இல்தான். 1717-ஐ எடுத்துக்கொண்டால், மொகலாயப் பேரரசர் ஃபரூக்சியர் பம்பாயில் ரூபாய் அடிக்கக் கம்பெனிக்கு உரிமை கொடுத்த காலம் அது, ஆனால் அப்படி அடித்த ரூபாயில் இருந்தது பாரசீக எழுத்து, பேரரசரின் பெயர். ஆங்கிலத்தில் கம்பெனி பெயரைப் போட்டு அனுமாரை வைக்கும் நிலையில் அவர்கள் இல்லை. ஆற்காட்டு ரூபாயைக்கூட இரண்டாம் ஆலம்கீர் பெயரில்தான் பல வருடம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அணாக் கணக்கில் நாடு முழுவதும் ஒரே மாதிரி நாணயம் வந்தது 1835-க்குப் பிறகு. ஓரணா என்று பொதுப் புழக்கத்துக்கு வந்த நாணயமோ, விளிம்பு நெளிநெளியாக இருக்கும் செம்பும் நிக்கலும் கலந்த அந்த வெள்ளை நிறக் குப்ரோ நிக்கல் காசு, அது 1906-க்கு முன்னால் கிடையாது. கம்பெனி ஆட்சி முடிந்து அரை நூற்றாண்டு ஆன பிறகு!

ராமர் பட்டாபிஷேகம் பொறித்த பழைய வில்லைகள் உண்டு. ராமடங்கா என்பார்கள், பூஜையில் வைப்பதற்காகச் செய்தவை, அவை காசே அல்ல. அந்தப் படத்தை எடுத்துக் கம்பெனி பெயரோடு ஒட்டவைத்ததுதான் இந்த 1818 சரக்கு.

அதற்காக, சாமி உருவம் இருந்தாலே போலி என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. நம்ம சென்னை மாகாணத்தில் கம்பெனி சாமி உருவத்தோடு நிஜமாகவே காசு அடித்திருக்கிறது. பெருமாளும் இரண்டு நாச்சியார்களும் நிற்கும் மூன்று சாமி வராகன் தங்கத்தில் உண்டு. நட்சத்திர வராகனில் ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் நட்சத்திரம். 1807 வாக்கில் சென்னையில் வந்த வெள்ளி அரை வராகன், கால் வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு, சுற்றிலும் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என்று நான்கு மொழி எழுத்து. என்னைக் கேட்டால் இந்த மண்ணில் அடித்த காசுகளிலேயே அழகானவை அவைதான். அழகாக இருப்பதாலேயே அவற்றுக்கும் போலி வருகிறது.

1818 செம்பை வைத்து இன்னொரு அநியாயமும் நடக்கிறது. ரைஸ் புல்லிங். காசு அரிசியை இழுக்கும், அதில் இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டு ஆராய்ச்சிக் கூடத்தில் வாங்குகிறார்கள் என்று சொல்லி, சோதனைச் செலவுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். இதில் வீட்டை அடகு வைத்தவர்கள் இருக்கிறார்கள். இரிடியத்துக்குக் காந்த சக்தியே கிடையாது. அரிசியில் இரும்புத் தூளைப் பூசி, காசுக்குள் காந்தத்தை வைத்தால் அரிசி ஒட்டத்தான் செய்யும். தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, இப்போது கஷ்டமான பகுதிக்கு வருவோம். கம்பெனி அல்லது ராணி காலத்து ரூபாய் ஒன்று உங்கள் முன்னால் இருக்கிறது, நிஜமாகவே அப்படி ஒரு நாணயம் வரலாற்றில் உண்டு. கையில் இருப்பது அதுதானா?

நான் யாருக்கும் முதலில் சொல்வது, அரிய காசைத் தேடிப் போகாதீர்கள், ஒரு சாதாரண ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை வாங்குங்கள். 1916, 1917, 1918 என்று ஏராளமாக அடித்த ஆண்டுகள், தேய்ந்து போனதாக இருந்தால் போதும், நம்பகமான ஒரு பழைய வியாபாரியிடம் வாங்குங்கள். வாங்கி மேசை மேல் போட்டு வைத்து, சும்மா இருக்கும்போதெல்லாம் எடுத்துப் பாருங்கள். விரலில் உருட்டுங்கள், விளிம்பைத் தடவுங்கள், சுண்டிப் பாருங்கள். போலிகள் நூறு விதமாக வரும், எல்லாவற்றையும் யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது. அசல் ஒரே விதம்தான். அது கைக்குப் பழகிவிட்டால் தவறான காசைத் தொட்டதும் ஏதோ சரியில்லை என்று தோன்றும். அந்தத் தோன்றலுக்குப் பிறகுதான் தராசும் கண்ணாடியும்.

தராசு என்றால் 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. 1835-இலிருந்து பழைய வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. ஆசாரிகளும் நாட்டு வைத்தியர்களும் ரூபாய் எடை என்று அளந்தது இதை நம்பித்தான், 80 ரூபாய் எடை ஒரு சேர். ரூபாயையே படிக்கல்லாக வைக்கும் அளவுக்கு, நாணயம் அடிக்கும் அக்கசாலையில் எடை ஒழுங்காக இருந்திருக்கிறது. அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92 கிராம் வரும். நன்றாகத் தேய்ந்த ரூபாய் 11.4 காட்டலாம், அதில் தவறில்லை. ஆனால் துளிகூடத் தேயாமல் புதுசு போல இருக்கும் ரூபாய் 11.2 காட்டினால், அல்லது எந்த நிலையிலும் 11.9 காட்டினால், அங்கேயே கீழே வைத்துவிடலாம். காலணாவில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும், 1835-இல் வந்த செம்புக் காலணா ஆறரை கிராம் அளவில் இருக்கும், 1906-இல் வெண்கலத்துக்கு மாறியபோது ஐந்து கிராமுக்கும் கீழே குறைத்துவிட்டார்கள். இது தெரியாமல் நல்ல காலணாவைப் போலி என்று ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எடையை மட்டும் சரிசெய்வது போலிக்காரனுக்குப் பெரிய வேலை இல்லை, தடிமனைக் கூட்டினால் முடிந்தது. எடையும் கன அளவும் சேர்ந்து சரியாக வருவதுதான் கடினம், அதனால் எனக்குப் பிடித்த சோதனை தண்ணீர் சோதனை. ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் ஊற்றித் தராசில் வையுங்கள், பொத்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். காசில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் அசைத்து விடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் காசின் கன அளவு, கன சென்டிமீட்டரில். காசின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். பழைய ரூபாயில் 12-க்கு 11 பங்கு வெள்ளி, மிச்சம் கலப்பு உலோகம், எனவே அடர்த்தி 10.3 சுற்றி வர வேண்டும். 11.66 கிராம் ரூபாய்க்குத் தராசு 1.13 போலக் காட்டும். அதே எடையில், பெயரில் மட்டும் வெள்ளி உள்ள ஜெர்மன் சில்வரில் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) செய்திருந்தால் 1.35 பக்கம் போய்விடும், வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் தெரியும். காசுக்கு ஒரு கீறல்கூட விழாது. ஆசாரியிடம் கொண்டுபோய் உரைகல்லில் உரைத்துக் காசைக் கெடுப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் ரூபாய்க்கு இந்தக் கணக்கு வேறு. போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், மிச்சம் செம்பு, துத்தநாகம், நிக்கல். அடர்த்தி 9.5 அளவில்தான் வரும். வெள்ளி குறைந்ததால் கள்ளக் காசு பெருகும் என்று பயந்து விளிம்பையும் மாற்றினார்கள், வரிவரியான விளிம்பின் நடுவே ஒரு பள்ளக் கோடு ஓடும்படி. சாதாரண வார்ப்பில் அந்த விளிம்பைக் கொண்டு வருவது மிகவும் சிரமம்.

விளிம்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கியாயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன். வாங்குகிறவர்கள் தலையைப் பார்ப்பார்கள், ஆண்டைப் பார்ப்பார்கள், விளிம்பைத் திருப்பியே பார்க்க மாட்டார்கள். இணையத்தில் விற்பவர்கள் விளிம்பைப் படம் எடுத்துப் போடுவதும் இல்லை. ஆனால் பொய் முதலில் வெளியே வருவது அங்கேதான். அச்சுக்குள் ஊற்றி வார்த்த காசில் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய தையல் சுற்றி ஓடும், அதை அரம் வைத்துத் தேய்த்திருப்பார்கள், தேய்த்த இடத்தில் வரிகள் அழிந்தோ சாய்ந்தோ இருக்கும். அசலில் வரிகள் சீப்புப் பல்லைப் போல ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில் சுற்றி வரும். ஒரு இடத்தில் மட்டும் வரிகள் மழுங்கி, அங்கே வேறு நிறத்தில் உலோகம் தெரிந்தால் அது காசுமாலையிலிருந்தோ தாலிக்கொடியிலிருந்தோ பிரித்த காசாக இருக்கலாம், வளையம் பற்றவைத்த தடம் அது. போலி இல்லை, ஆனால் அந்தக் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும், முழு விலை கேட்கக் கூடாது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளின் அடியைப் பாருங்கள். அக்கசாலையில் அச்சால் ஓங்கி அடித்த காசில் எழுத்து தரையிலிருந்து செங்குத்தாக எழும், மூலைகள் கூர்மையாக இருக்கும். வார்த்ததில் எழுத்து சோப்பில் செய்தது மாதிரி வழவழவென்று இருக்கும், தரையில் நுண்ணிய குழிகளும் பருக்களும் தெரியும். "பழைய காசு, தேய்ந்திருக்கிறது" என்று விற்பவர் சொல்வார். தேய்மானத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. கை பட்டுத் தேய்வது மேடான இடங்கள், ராணியின் காதுக்கு மேல் முடி, ராஜாவின் கிரீடம், தாடி. பள்ளத்தில் ஒளிந்திருக்கும் கோடுகள் கூர்மையாகவே இருக்கும். மேடும் பள்ளமும் ஒரே அளவில் மங்கியிருந்தால் அது கைமாறித் தேய்ந்த காசு அல்ல, மங்கலாகவே பிறந்தது.

பெயரும் ஆண்டும் பொருந்துகிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், ஆனால் எத்தனை போலிகள் இதில் மாட்டுகின்றன! கம்பெனி பெயர் உள்ள சீரான ரூபாயில் 1835, 1840 என்ற இரண்டே ஆண்டுகள்தான், எத்தனை வருடம் அடித்தாலும் அந்த ஆண்டைத்தான் போட்டார்கள். 1835 ரூபாயில் நான்காம் வில்லியம் பெயருக்குப் பின்னால் ரோமன் எண் நான்கு நேர்க்கோடுகளாக நிற்கும், நாம் பள்ளியில் படித்த மாதிரி ஐயும் வியும் அல்ல. 1862-இல் வந்த ரூபாயில் விக்டோரியா குயின், 1877-இலிருந்து எம்ப்ரஸ், ஆகவே 1862 என்று போட்டு எம்ப்ரஸ் என்றிருந்தால் அதைப் பற்றி மேலே பேசவே வேண்டாம். ஏழாம் எட்வர்ட் ரூபாயில் தலையில் கிரீடம் கிடையாது. எட்டாம் எட்வர்டுக்கு பிரிட்டிஷ் இந்திய ரூபாயே கிடையாது, அவர் 1936-லேயே முடி துறந்துவிட்டார்.

அதிகம் ஏமாற்றுவது இரண்டு ஆண்டுகளில். முதலாவது 1911. ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாயில், அவர் அங்கியில் தொங்கும் சங்கிலியில் இருந்த யானை பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருந்ததால் பெரிய எதிர்ப்பு வந்து, வெளியே விட்டதைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். 1912-இலிருந்து தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி மாற்றினார்கள். ஆகவே 1911 என்று ஆண்டு இருந்து, யானை அழகாக யானையாகவே தெரிந்தால், யாரோ ஆண்டில் கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டாவது 1939. அந்த ஆண்டு வெள்ளி ரூபாய் அரிது, 1938 தாராளமாகக் கிடைக்கும், எட்டை ஒன்பதாக்க அதிகம் வேலை இல்லை. லூப் வைத்து அந்தக் கடைசி எண்ணை மட்டும் நிதானமாகப் பாருங்கள், வெளிச்சத்தைச் சாய்வாக விழச் செய்யுங்கள். எட்டின் கீழ் வளையத்தைச் செதுக்கிய இடத்தில் தரையின் மெருகு போயிருக்கும், நுண்ணிய கீறல்கள் இருக்கும், பக்கத்து எண்களோடு உயரமும் தடிமனும் ஒத்துப்போகாது. இந்த வகையில் தராசும் தண்ணீரும் உதவாது, ஏனென்றால் காசு அசல், ஆண்டு மட்டும்தான் பொய். இதைப் போலவே நல்ல வெள்ளியிலேயே புதிதாக அச்சு செய்து அடிக்கும் போலிகளும் உண்டு. வெள்ளி என்பதாலேயே அசல் ஆகிவிடாது, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அப்படி வரும் காசுகளில் ஒரே கீறல், ஒரே பள்ளம் எல்லாக் காசிலும் அதே இடத்தில் இருக்கும், ஏனென்றால் அவர்கள் படி எடுத்த மூலக் காசில் அது இருந்தது. ஒரே வியாபாரியிடம் ஒரே மாதிரி இரண்டு அரிய காசு இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காந்தத்தைப் பலரும் நம்புகிறார்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, உண்மை. ஆனால் செம்பும் ஈயமும் ஜெர்மன் சில்வரும்கூட ஒட்டாது, எனவே ஒட்டவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 1946, 47-இல் புலி போட்டு வந்த கால், அரை ரூபாய்களும் 1947 ஒரு ரூபாயும் சுத்த நிக்கல், அவை காந்தத்தில் நன்றாக ஒட்டும், அப்படி ஒட்டுவதுதான் சரி.

மலேயா, சிங்கப்பூர், பர்மா பக்கம் போய் வந்த குடும்பங்களின் பெட்டிகளில் பெரிய வெள்ளி டாலர் ஒன்று கிடைக்கும், திரிசூலத்தோடு நிற்கும் பெண் உருவம், மறுபக்கம் சீன எழுத்தும், மலாய் மொழியை எழுதும் அரபு வடிவ ஜாவி எழுத்தும். 1895-இல் தொடங்கி பம்பாய் அக்கசாலையில் பெருமளவு அடித்த வணிக டாலர் அது. 26.95 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. இன்று சந்தையில் போலி நிறைந்திருக்கும் காசுகளில் இது ஒன்று, தண்ணீர் சோதனை செய்யாமல் காசு கொடுக்காதீர்கள்.

போலி அல்லாத ஆனால் முழு அசலும் அல்லாத ஒரு வகை இருக்கிறது, மறு அச்சு. சிங்கமும் பனைமரமும் உள்ள 1835 இரட்டை மொஹர் என்ற தங்கக் காசு போன்றவற்றை அக்கசாலையே பழைய அச்சை வைத்துப் பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்காக அடித்துக் கொடுத்தது. அது அக்கசாலைப் பொருள்தான், விலை வேறு. இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1808 என்று ஆண்டு போட்ட சென்னை மாகாணத்து 10 காசு, 20 காசுச் செம்பு நாணயங்கள் பளபளவென்று புதுசாக வருவதைப் பார்த்துப் பலர் சந்தேகப்படுவார்கள். அவற்றை இங்கிலாந்தில் அடித்துச் சென்னைக்கு ஏற்றி அனுப்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் உள்ள குட்வின் மணல் திட்டில் மூழ்கிவிட்டது, 1980-களில் அந்தக் காசுகளை மேலே எடுத்தார்கள். புழக்கத்துக்கே வராமல் கடலடியில் கிடந்த அசல் காசுகள் அவை.

வாங்கும் முன் காசைக் கழுவாதீர்கள், விற்கும் முன்னும் கழுவாதீர்கள். வீட்டில் விபூதி போட்டு வெள்ளியையும் புளி போட்டுச் செம்பையும் தேய்ப்பது பழக்கம், காசுக்கு அது விஷம். விலை போவது ஒரு பக்கம், அசலா போலியா என்று சொல்ல உதவும் மேல்தோலே போய்விடும்.

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற, காசைச் சோதித்துத் தரச்சான்று தரும் நிறுவனங்களின் பெட்டிக்குள் அடைத்து வரும் காசு என்றாலும் பெட்டியில் உள்ள எண்ணை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெட்டிக்கும் போலி வந்துவிட்டது. ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்குகிறது, கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள் என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். தன் பெயரில் நடக்கும் இந்த ஏமாற்றைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்திருக்கிறது. நல்ல காசுகளை நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்க வேண்டும் என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்குப் போய் வாருங்கள், செலவு குறைவு, கற்றுக்கொள்வது அதிகம்.

"செல்லாத காசைப் போலியாகச் செய்தால் என்ன குற்றம்?" என்று சிலர் வாதாடுவார்கள். 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 1896-இல் செய்த திருத்தமே இதை யோசித்திருக்கிறது. 230-வது பிரிவில், புழக்கம் நின்றுபோன பரூக்காபாத் ரூபாயும் இந்திய நாணயம்தான் என்று உதாரணம் காட்டியே எழுதியிருக்கிறார்கள். 2024 ஜூலையில் அந்தச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது, அதில் ஏமாற்றி விற்பதற்கு 318-வது பிரிவு இருக்கிறது. போலி என்று தெரிந்துகொண்டே அசல் விலைக்கு விற்பவர் மேல் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம். வாங்கும்போது பில் கேளுங்கள், அதில் ஆண்டையும் உலோகத்தையும் எழுதச் சொல்லுங்கள். பில் தர மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

ஏற்கெனவே கையில் மாட்டிக்கொண்ட போலியைத் தூக்கிப் போட வேண்டாம். அந்தக் காலத்திலேயே, கடையில் மாற்றுவதற்காகச் செய்த கள்ள ரூபாய்கள் உண்டு, ஈயமோ பித்தளையோ உள்ளே வைத்து வெள்ளி முலாம் பூசியவை. அவை தம் காலத்து வறுமையையும் கைவேலையையும் காட்டும் சரித்திரப் பொருட்கள், அவற்றை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நேற்று அடித்த போலியும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இரண்டையும் தனி டப்பாவில் போட்டு, ஒவ்வொரு உறையிலும் அழியாத மையில் போலி என்று எழுதி, எங்கே எப்போது வாங்கியது என்றும் குறித்து வையுங்கள். பின்னால் பிள்ளைகள் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது நல்ல காசோடு கலந்து விற்றுவிடக் கூடாது.